மேகம், பகல் இரண்டு வரை

மூஞ்சிக்கல்லில் பஸ் ஏறும்போதே தெரிந்துவிடும்,
இன்றைக்கு மேலே சூரியன் கிடையாது.
பரவாயில்லை. எனக்கு வேண்டியது
பெட்டியில் இருக்கிறது.

கையுறை மாட்டி, மூச்சை ஒரு பக்கம் திருப்பி
உறையிலிருந்து உருவுகிறேன்:
எட்டங்குலக் கண்ணாடி, நடுவில்
தோசைக்கல் மாதிரி ஒரு கறுப்புச் சூரியன்.
வெள்ளை மச்சம் மூன்று.
ஓரத்தில் எவருடையதோ கட்டைவிரல் ரேகை,
எண்பது வருஷமாக வடகிழக்கில் எரிகிறது.
ஊதுபந்தால் தூசி தட்டி, ஒளிமேசையில் கிடத்தி,
படம் பிடித்து, எண் கொடுத்து, மறுபடி உறை.
ஒரு நாளைக்கு நாற்பது.
ஒப்பந்த வேலை. உடைந்தால்
சம்பளத்தில் பிடிப்பார்களாம்,
ஒரு சூரியனுக்கு எவ்வளவு என்று மட்டும்
யாருக்கும் தெரியவில்லை.

நாலரை மணி நேரம் பின்னால்
ஹங்கேரியில் ஒரு குன்றின் மேல்
இலோனா காப்பி போடுகிறாள்.
அவளிடம் எங்கள் ஐப்பசியும் கார்த்திகையும் இருக்கின்றன:
பழனி மலையை அடைமழை மூடிய நாட்களில்
அவர்கள் பிடித்து வைத்த வெயில்.
எங்களிடம் அவர்களுடைய போர் இருக்கிறது:
நாற்பத்தைந்து ஜனவரி முழுக்க, பிப்ரவரி பாதி,
இங்கே புல்லில் உறைபனி விழுந்து
வானம் அலசிப்போட்ட மாதிரி இருந்த காலைகள்.
இதைக் கொடுத்து அதை வாங்கத்தான்
பதினாலு பக்கத்தில் ஒப்பந்தம்,
இரண்டு நாட்டு முத்திரை.
சூரியன் மேல் எந்தத் தரப்புக்கும் உரிமை இல்லை
என்கிறது ஏழாவது ஷரத்து.
எங்கள் கணக்குப் பிரிவு அதையும்
சிவப்பு மையில் சுழித்து விளக்கம் கேட்டிருந்தது.

அந்த வருஷத்துத் தட்டு ஒன்றுகூட உங்களிடம் இல்லையா
என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.
குண்டில் ஜன்னலெல்லாம் போயிற்று, எழுதினாள்,
உள்ளேயே தண்ணீர் உறைந்தது.
வெந்நீரும் சோடாவும் விட்டுத் தேய்த்தால்
படலம் உரிந்து வந்துவிடும்.
அறுநூறு சூரியனைக் கழுவிச்
சட்டத்தில் பொருத்தினார்கள்,
பள்ளிக்கூடத்துக்கும் கொஞ்சம்.
ஆவணக் காப்பாளர்கள் கூட்டங்களில் இதைச் சொன்னால்
அறையே துக்க வீடு ஆகிவிடுமாம்.
வெளிச்சம் நன்றாக வந்ததா
என்று கேட்டது நான் ஒருத்திதானாம்.

எங்கள் குறிப்பேடு ஆங்கிலத்தில்.
நேரம், காற்று, தெளிவு ஐந்துக்கு எத்தனை.
நாற்பத்துநாலு நவம்பர் இருபத்துமூன்றில் மட்டும்
ஓரமாய்ப் பென்சிலில் தமிழ்:
"மேகம், பகல் இரண்டு வரை. பிறகும் மேகம்.
பாப்பாவுக்குக் காய்ச்சல்.
கீழே போக விடை கிடைக்கவில்லை."
ப. மா. என்றொரு கிறுக்கல்.
மாசிலாமணி, உதவியாளர், மாதம் முப்பது ரூபாய்.
சம்பளப் பட்டியலில் அதற்கு மேல் இல்லை.

இது கறையா எழுத்தா என்று
வட்டம் போட்டு அனுப்பினாள் இலோனா.
பெயர்த்துச் சொன்னேன்.
"விடை"க்கு இரண்டு அர்த்தம் உண்டு என்பதையும்.
எங்கள் பொதுப் படிவத்தில் இதற்கு இடமில்லை.
நான்கு நாட்டுக் குழு ஆறு மாதம் உட்கார்ந்து
முடிவு செய்த முப்பத்தொரு கட்டம்.
மறுநாள் காலை முப்பத்திரண்டாவது முளைத்திருந்தது,
தலைப்பில்லாமல்.

அடுத்த பக்கத்தை ராமபாணப் பூச்சி தின்றிருக்கிறது.
இருபத்தைந்தாம் தேதிக் கையெழுத்து
வேறு ஆளுடையது.

அந்த இருபத்துமூன்றில் அவர்கள் குன்றிலும் மேகமாம்.
மூன்றாவதாக ஒரு மலைக்கு எழுதியிருக்கிறோம்,
சிலியில். பதில் வரக் காணோம்.
அன்றைக்கு எவரும் சூரியனைப் பார்த்ததாக
எங்கள் பட்டியலில் சான்று இல்லை.
ஒரு சின்ன நெற்றியின் சூடு மட்டும்
பென்சிலில் இருக்கிறது.

மணி இரண்டு. கரண்ட் போய்விட்டது.
ஈரம் ஏறும், ஜன்னலைத் திறக்கக் கூடாது.
கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்தே பார்க்கிறேன்.
பிறகும் மேகம்.